மலையைச் சுற்றி வந்த பத்து ரூபாய் காயின்கள்

போன மாதம் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். எல்லா கவுண்டரிலும் செல்போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற அட்டையை வைத்துவிட்டார்களாம். ரொக்கத்துக்கு ஒரே ஒரு கவுண்டர்தான் மிச்சம், அதுவும் அவளுடையது. "அக்கா, ஸ்கேன் பண்ண தெரியாதவங்க, பண்ண மாட்டேங்கிறவங்க எல்லாரும் என்கிட்டதான் வராங்க. சில்லறை கேட்டு உயிரை எடுக்கிறாங்க. நீங்க இருந்தப்ப என்னா பண்ணீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆனாலும் ரொக்கத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். இப்போது பார்க்கும் கணக்கர் வேலையில் எல்லாம் திரையில் ஓடும் எண்கள், ஒரு நாணயம்கூடக் கையில் படுவதில்லை.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.காம். போடவில்லை என்று அப்பா அச்சகம்வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அவருக்குப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். அந்தப் பி.காம். என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்த இடம் திருவண்ணாமலையில் ஒரு பெரிய மளிகைக் கடையின் கேஷ் கவுண்டர். எனக்கு அதில் குறைச்சலாக எதுவும் தோன்றவில்லை. அடுத்தவர் பணத்தை ஒரு பைசா பிசகாமல் வாங்கிக் கொடுக்கிற வேலையை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. முதல் சில வாரங்கள் ஒரு மூத்த பெண்ணின் பக்கத்தில் நின்று கையைப் பார்த்தேன். வாங்குகிற நோட்டை உடனே டிராயருக்குள் போடக் கூடாது. மீதி கொடுத்து முடிக்கும்வரை அது டிராயரின் விளிம்பில், கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு கொடுத்தவர் ஐந்நூறு கொடுத்தேன் என்பார். பாதி நேரம் அவர் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படி நம்புவார். வாங்கிய தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மீதி கொடுக்கும்போது சில்லறை முதலில், நோட்டு அடுத்து. நோட்டின் மேல் சில்லறையை வைத்து நீட்டினால் வழுக்கி விழும். பிறகு ஒரு ரூபாயைத் தேடி வரிசை மொத்தமும் குனியும்.

கேஷுக்குப் பொறுப்பு மும்தாஜ் மேடம். எண்ண உட்காரும் முன் மோதிரத்தைக் கழற்றி ஒரு டீ கிளாசுக்குள் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் அறையில் பேச்சு நின்றுவிடும். யாருடைய கணக்காவது உதைத்தால் திட்ட மாட்டார். எங்கே தப்பு என்றும் சொல்ல மாட்டார். டிராயரை ஒரு விரலால் நம் பக்கம் தள்ளி, "மறுபடி" என்பார். அவ்வளவுதான். சரியாக இருந்தால் அந்த ஒரு சொல்லும் கிடையாது. எங்களையெல்லாம் வா, போ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை ஏறும். "வாங்க, உக்காருங்க" என்று சொன்னால் அன்றைக்கு யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

வேறு ஊர்களில் சில்லறைத் தட்டுப்பாடு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திருவண்ணாமலையில் அது பௌர்ணமியை ஒட்டி ஏறி இறங்கும். கிரிவலம் வருகிறவர்களுக்குப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போட நாணயம் வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு ஐந்நூறு ரூபாயை நீட்டி, "எல்லாம் ஒத்த ரூபாயா குடும்மா, புண்ணியமா போவும்" என்பார்கள். புண்ணியத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்கிற மாதிரி சொல்வார்கள். பௌர்ணமி அன்று ஊரில் எந்தக் கடையிலும் சில்லறை இருக்காது. மறுநாள் அது மொத்தமும் பாதையில் உள்ளவர்களிடம் இருக்கும். அவர்களால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அரிசிக் கடைக்காரர் ஒரு பை நாணயத்தை உட்கார்ந்து எண்ண மாட்டார். அதனால் துணிப்பையில் கட்டி எங்கள் கடையின் பின்வாசலுக்குக் கொண்டு வருவார்கள். பாதையில் விளக்கும் கற்பூரமும் விற்கிறவர்களும் வருவார்கள். நாங்கள் எண்ணி நோட்டாகக் கொடுப்போம். ஊரில் சிலர் நூறுக்கு ஐந்து, பத்து என்று பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். மேடம் பிடிக்க விட்டதில்லை. "நமக்குத்தானே சில்லறை வேணும்? நாம எதுக்குப் புடிக்கணும்?" என்பார்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. வந்த நாணயங்களில் விளக்கு எண்ணெயும் விபூதியும் ஒட்டியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியில் பரப்ப வேண்டும். பிறகு வகை பிரித்துப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். எல்லா அடுக்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மேடம் குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஒவ்வோர் அடுக்கையும் கடையின் விலை ஸ்டிக்கரால் சுற்றி ஒட்டிவிடுவோம். கவுண்டரில் உடைத்துக் கொடுக்க அது வசதி.

இந்த ஏற்பாட்டுக்குள் வராமல் நின்றது பத்து ரூபாய் காயின் ஒன்றுதான். அது செல்லாது என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். செல்லும் என்று அரசாங்கம் எத்தனை முறை சொல்லியும் எங்கள் மாவட்டத்தில் எடுபடவில்லை. டீக்கடையில் வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், பூக்காரி வாங்க மாட்டாள். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "செல்லும்தான், ஆனா என்கிட்ட யாரும் வாங்க மாட்டாங்களே." பத்து ரூபாய் நோட்டோ கந்தலாகிக் கந்தலாகிக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பக்கம் பத்து ரூபாய்க்குத் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் வீட்டுக்கு வீடு டப்பாவுக்குள் பத்து ரூபாய் காயின்.

கன்னியம்மாள் அடி அண்ணாமலையில், பாதையோரம் அகல் விளக்கும் கற்பூரமும் விற்கிறவர். மாதா மாதம் பின்வாசலுக்கு வருவார். ஒரு தடவை, மற்ற சில்லறையெல்லாம் எண்ணி முடித்ததும், முந்தானையிலிருந்து ஒரு பிடி பத்து ரூபாய் காயினை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இன்னா பாப்பா, நீ படிச்சவதானே? இது செல்லுமா செல்லாதா, ஒரே வார்த்தையில சொல்லு."

"செல்லும்க்கா. கவர்மென்ட்டே சொல்லியிருக்குது."

"அப்ப எடுத்துக்கோ."

"எடுத்துக்க முடியாதுக்கா."

"செல்லும்ங்கிற, எடுத்துக்க மாட்டேங்கிற. இதுக்குத்தான் காலேஜு போனியா?"

பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் நிமிராமல், "வாங்கலாம். வாங்கிட்டு யார்கிட்ட குடுக்கிறது? நாம குடுக்க முடியாததை நாம வாங்கக் கூடாது" என்றார்.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. கவுண்டரில் உட்கார்ந்து நானே கவனித்தது அது. உள்ளூர்க்காரர்கள்தான் பத்து ரூபாய் காயினைத் தொட மாட்டார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் பார்க்காமலே பர்சுக்குள் போட்டுக்கொள்வார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் இரண்டு பக்கமும் திருப்பி ரசித்துவிட்டு வேறு போடுவார்கள். பௌர்ணமிக்கு எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் வெளியூர். அவர்களிடம் கொடுத்துவிட்டால் காயின் ஊரைவிட்டே போய்விடும். இதை மேடத்திடம் சொன்னேன். "உன் கவுண்டர்ல மட்டும்" என்றார். கன்னியம்மாளிடமும் பின்வாசலுக்கு வந்த மற்றவர்களிடமும் இருந்த பத்து ரூபாய் காயினை வாங்கி அடுக்கி வைத்தேன்.

கன்னியம்மாளுக்கு இதில் என்ன அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெண்கள் குழுவில் கடன் வாங்கியிருந்தார். மாதம் ஒரு நாள், உறுப்பினர் ஒருவர் வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார வேண்டும். கடன் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்து வசூலிப்பார். ஒருத்தி தவணை குறைத்தாலும் மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது. குறைத்தவளை அத்தனை பேரும் என்ன பேசுவார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அடுத்த கடன் கிடைக்காது. வசூலுக்கு வருகிறவரும் பத்து ரூபாய் காயின் வாங்க மாட்டார். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கடனை வாங்கித்தான் கன்னியம்மாள் தீபத்துக்கு விளக்கும் கற்பூரமும் மொத்தமாக எடுக்க வேண்டும். அந்த வியாபாரத்தில்தான் அவருக்கு அரை வருஷம் ஓடும்.

அந்தப் பௌர்ணமிக்கு என் யோசனை அப்படியே பலித்தது. ஸ்டிக்கர் சுற்றிய அடுக்குகளை உடைத்து உடைத்துக் கொடுத்தேன். சென்னைக்காரர் ஒருவர் அடுக்கை உடைக்காமலே கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் என் டிராயரில் ஒரு பத்து ரூபாய் காயின்கூட இல்லை. கன்னியம்மாளிடம் நானே சொன்னேன்: "இனிமே யாரு காயின் குடுத்தாலும் வேணாம்னு சொல்லாதீங்கக்கா. வாங்குங்க. நான் மாத்தித் தரேன்."

"வார்த்தை மாற மாட்டியே?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மாள் வந்தார். வழக்கமாக ஒரு பை, அன்றைக்கு இரண்டு. அவருக்குப் பின்னால் பாதையில் விற்கிற வேறு சிலரும் நின்றார்கள். பையை அவிழ்த்துக் கொட்டியதும் எல்லாம் மஞ்சளாகப் பளபளத்தது. பெரும்பாலும் பத்து ரூபாய் காயின். மேடம் மோதிரத்தைக் கழற்றி கிளாசில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். குவியலைக் கையால் பரப்பினார். நடுவில் ஓர் அடுக்கு உடையாமல் கிடந்தது. சுற்றி எங்கள் கடை ஸ்டிக்கர், அதன் மேல் நான் எழுதிய தேதி.

மேடம் அதை எடுத்து எனக்கு நேராக மேஜையில் வைத்தார்.

"ஊரை விட்டுப் போயிடும்னு சொன்னீங்க. மலையைச் சுத்திட்டு நேரா வீட்டுக்கு வந்துடுச்சு பாருங்க, கிரிவலம் முடிச்சிட்டு."

வெளியூர்க்காரர்கள் காயினை மறுக்காமல் வாங்கியது உண்மை. ஆனால் அவர்கள் சில்லறை கேட்டதே பாதையில் போடுவதற்கும் விளக்கு வாங்குவதற்கும்தான். எங்கள் கவுண்டரில் வாங்கியதை அன்றைக்கே மலையைச் சுற்றும்போது அங்கங்கே கொடுத்துவிட்டு, வெறும் பர்சோடு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார்கள். இந்த மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

"இன்னிக்கு வாங்க வேணாம்" என்றார் மேடம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பையைக் கட்டினார்கள். கன்னியம்மாள் கட்டவில்லை.

"நாளைக்குக் காலையில எனக்குக் குழுவு கீது. தவணையே இதுலதான் கீது."

"புரியுதுங்க. நான் எங்க கொண்டு போய்க் குடுக்கிறது?"

"உங்களைக் கேக்கலம்மா. இந்தப் பொண்ணைக் கேக்கறேன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "முன்னெல்லாம் எவனாவது இதை நீட்டினா வேணாம்பேன். அவனும் நோட்டை எடுத்துக் குடுத்துட்டுப் போவான். நீ வாங்குன்னு சொன்னே, வாங்கினேன். இப்ப நான் எங்க போவட்டும், சொல்லு."

மேடம் என்னிடம் திரும்பி, "ரேவதி மேடம், நீங்களே சொல்லுங்க, என்னா பண்ணலாம்?" என்றார். மேடம் என்றே என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று சம்பள நாள். கவர்கள் அலமாரியில் தயாராக இருந்தன. "என் சம்பளத்துல இவங்களுக்கு நோட்டா குடுத்துடுங்க மேடம். காயினை நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா."

"சரிங்க."

கொஞ்சம் தயங்குவார், வேறு வழி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. காயின்களை அலச வைத்தார், துடைக்க வைத்தார், அடுக்க வைத்தார், குனிந்து உயரம் பார்த்தார். ஓர் அடுக்கு தாழ்வாக இருந்தது. "மறுபடிங்க" என்றார். எல்லாம் சரியான பிறகு என் கவரைப் பிரித்து அந்தத் தொகைக்கு நோட்டை எடுத்துக் கன்னியம்மாளிடம் கொடுத்தார். என் சம்பளத்தில் பாதி அதில் போனது. மீதிப் பாதி கவரில், போன பாதி காயினாக ஓர் அரிசிப் பையில்.

கன்னியம்மாள் நோட்டை இரண்டு தடவை எண்ணினார். பிறகு என்னிடம், "பாவம் பாத்துக் குடுக்கிறியா?" என்றார்.

"இல்லக்கா. மாத்தித் தரேன்னு சொன்னேன், மாத்திட்டேன்."

"அப்ப சரி" என்று சொல்லி ஷேர் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கவரில் இருந்த நோட்டை எடுப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். கண்டக்டரிடம் இரண்டு காயினை நீட்டினேன்.

"யம்மா, இது வேணாம். நோட்டா குடு."

"நோட்டு இல்லண்ணா."

"இவ்ளோ பெரிய பையை வெச்சினு இல்லேங்கிறியே?"

"இதுவும் காயின்தான்."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "எந்தக் கோயில் உண்டியலோ, பாவம்!" பஸ்ஸே சிரித்தது. நான் காயினை நீட்டியபடியே இருந்தேன். கண்டக்டர் வாங்காமல் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி அவரிடம் டிக்கெட்டைக் காட்டினார். டிக்கெட்டின் பின்னால் பேனாவில் பத்து என்று கிறுக்கியிருந்தது. சில்லறை இல்லாதபோது மீதியை அப்படி எழுதிக் கொடுப்பது கண்டக்டர்களின் வழக்கம்.

"என் மீதியைக் குடுப்பா."

"சில்லறை இல்லம்மா. எறங்கும்போது வாங்கிக்க."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. நான் காலைக் கீழ வெக்கறதுக்குள்ள விசிலு அடிச்சிட்டே."

"அவருக்கு நான் குடுக்கிற காயினை நீங்க வாங்கிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா காயினைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது செல்லாதே."

"செல்லாதுன்னா விடு. எறங்கும்போது பாத்துக்கலாம்" என்றார் கண்டக்டர், சந்தோஷமாக.

"குடு, குடு!" அந்த அம்மா சட்டென்று கையை நீட்டிவிட்டார். "உன் பேனா எழுத்துக்கு இது எவ்வளவோ தேவலை."

அடுத்து மூன்று பேர் டிக்கெட்டைத் திருப்பிப் பிடித்தார்கள். கண்டக்டர் என்னிடம் கடைசியில் கூடுதலாகவே காயின் கேட்டு வாங்கி, பதிலுக்கு ஒரு ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தார்.

அடுத்த சில நாட்கள் அந்தப் பையிலிருந்துதான் செலவு செய்தேன். காய்கறிக்காரர் ஒருவர் தக்காளியைத் திரும்பக் கூடையில் கொட்டினார். மருந்துக் கடையில் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவர் வாங்க, அடுத்தவர் அவரைத் திட்டினார். ஒவ்வோர் இடத்திலும் செல்லும், செல்லாது என்று வாதாடிப் பார்த்தேன். வாதாடி ஜெயித்த இடம் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு வேறு மீதி கிடைக்க வழியில்லாத இடத்தில் மட்டும் வாதமே இல்லாமல் வாங்கினார்கள்.

எங்கள் கடையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. பத்து ரூபாய் நோட்டு தீர்ந்துவிட்டால் மீதிக்குப் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் தள்ளுவோம். கேட்காமலே தள்ளுவோம். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பையில் போட்டுக்கொள்வார்கள். மேடத்திடம் போய், "இனிமே பிஸ்கட்டைக் குடுக்கிறதுக்கு முன்னால, பிஸ்கட்டா காயினான்னு கேக்கலாமா மேடம்? அவங்களே சொல்லட்டும்" என்றேன்.

"கேளுங்க. ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். இன்னும் "ங்க" போகவில்லை.

என் பையில் மிச்சமிருந்த காயினை டிராயரில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் பிஸ்கட் என்றார்கள். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்து, காயினே குடு என்றார்கள். உள்ளூர்க்காரர்கள். வருஷக்கணக்காகத் தொடாதவர்கள். பிஸ்கட்டை டீக்கடையில் கொடுத்து டீ வாங்க முடியாது, காயினை ஒருவேளை வாங்குவார்கள் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். வாங்கிப் போனவர்கள் அடுத்த கடையில் சண்டை போட்டார்கள். "அவ்ளோ பெரிய கடையில குடுக்கிறாங்க, நீ என்னா வாங்க மாட்டேங்கிற?" என்று எதிர் டீக்கடையில் கேட்ட குரல் எங்கள் கவுண்டர்வரை வந்தது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் வாங்காத கடைகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் டிராயரில் காயின் தேங்கவில்லை. வார முடிவில் மேடம் என் டிராயரைப் பார்த்துவிட்டு, "ரேவதி, போன பௌர்ணமிக்குத் திருப்பி அனுப்பினவங்களை வரச் சொல்லு" என்றார். சொல்லுங்க என்று சொல்லவில்லை, சொல்லு என்றார்.

போன் செய்த பெண்ணே, உனக்கு எழுத வேண்டியது அந்தக் கேள்வி ஒன்றுதான். கேட்காமல் பிஸ்கட்டைத் தள்ளாதே.

கன்னியம்மாளின் தவணையில் குறை விழவில்லை. அடுத்த கடன் தீபத்துக்கு முன்பே கைக்கு வந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு அவர் முதல் தடவையாகக் கடையின் முன்வாசல் வழியாக வந்தார். கற்பூரப் பெட்டிகளும் திரியும் ஒரு கூடை நிறைய. என் கவுண்டர் வரிசையில் நின்று, முறை வந்ததும் புது நோட்டுகளாக எண்ணி வைத்தார். வாய்விட்டுத் தொகையைச் சொன்னேன். மீதி பத்து ரூபாய். டிராயரில் நோட்டு இல்லை. பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"பிஸ்கட்டா, காயினாக்கா?"

கன்னியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிஸ்கட்டே குடு, தாயி. காயின் குடுத்தா அதையும் நான்தானே திரும்பத் தூக்கினு வரணும்? நீயும் எத்தினி சம்பளத்தை எடுத்து வெப்பே?" பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே, "க்ரீம் வெச்சதா பாத்துக் குடு" என்றார்.

க்ரீம் பிஸ்கட்டும் பத்து ரூபாய்தான். எடுத்துக் கொடுத்தேன்.